தடோபாவில் புலி பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் இருக்கும் தடோபா–அந்தாரி புலிகள் காப்பகத்துக்குக் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும். முக்கியமாக ஒன்று: தங்கும் இடத்தில் கொட்டுகிற காசில் பாதியை எடுத்துக் கூடுதலாக ஒரு சஃபாரியில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி, அதை இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இந்தியாவில் இத்தனை காடு இருக்க, ஏன் தடோபா?

முதல் காரணம் ரயில். சென்னை–டெல்லி பாதையில் நாக்பூருக்கு முன்னால் வரும் பல்ஹார்ஷா, சந்திரபூர் இரண்டுமே தடோபாவுக்கான வாசல்தான். சென்னையில் இரவு ஏறினால் மறுநாள் பகலில் இறங்கிவிடலாம், இறங்கிய இடத்திலிருந்து காட்டுக்குள் நுழையும் மொஹர்லி கேட் ஒரு மணி நேரத் தூரம்தான். கார்பெட்டுக்குப் போவதென்றால் டெல்லி வரை போய் அங்கிருந்து இன்னொரு பயணம், பாந்தவ்கர் என்றால் ரயில் மாறி உமரியா. அந்த அலைச்சல் இதில் இல்லை.

இரண்டாவது காரணம் காட்டின் அமைப்பு. தேக்கும் மூங்கிலும் நிறைந்த வறண்ட இலையுதிர் காடு இது. பிப்ரவரி தாண்டினால் தேக்கு இலை உதிர்ந்து, உள்ளே ஐம்பது அறுபது அடி தூரம் வரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். 2022 தேசியக் கணக்கெடுப்பில் இங்கே 97 புலிகள். கார்பெட்டில் 260, உண்மைதான், ஆனால் அங்கே மலைப் பகுதி நிறைய. முதல் தடவை போகிறவருக்கு எண்ணிக்கையைவிடக் காடு எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பதுதான் முக்கியம்.

முதுமலையிலேயே புலி இருக்கிறதே, அங்கே பார்க்க முடியாதா?

இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. அதே 2022 கணக்கில் முதுமலையில் 114, சத்தியமங்கலத்தில் 85, தமிழ்நாடு மொத்தத்துக்கும் 306. அதாவது எண்ணிக்கையில் முதுமலை தடோபாவைவிட மேலே. ஆனால் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் கிளம்பினால் இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு நிற்கும், அதற்குள் புலி படுத்திருந்தாலும் தெரியாது. சஃபாரி நேரமும் குறைவு. யானை, காட்டெருமை பார்க்க முதுமலையை அடித்துக்கொள்ள ஆளில்லை, புலி அங்கே தெரிந்தால் அது லாட்டரி. மசினகுடியில் "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறேன், புலி கன்ஃபார்ம்" என்று யாராவது தனியார் ஜீப்பில் அழைத்தால் ஏறாதீர்கள். காட்டுக்குள் அது சட்டவிரோதம், மாட்டினால் உங்களுக்கும் சேர்த்துத்தான் அபராதம்.

போனால் புலி கட்டாயம் தெரியுமா? எத்தனை சஃபாரி போகணும்?

கட்டாயம் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் புக் பண்ணாதீர்கள். என் கணக்கு இது: ஒரே ஒரு சஃபாரி என்றால் போகாமலே இருக்கலாம், இரண்டு என்றால் அதிர்ஷ்டம், நாலு என்றால் நியாயமான வாய்ப்பு. இரண்டு இரவு தங்கி, முதல் நாள் மாலை ஒன்று, மறுநாள் காலை மாலை இரண்டு, மூன்றாம் நாள் காலை ஒன்று என்று போட்டால் நாலு வந்துவிடும். நீச்சல் குளம் வைத்த ரிசார்ட்டில் தங்கி இரண்டு சஃபாரி போகிற குடும்பத்தைவிட, மொஹர்லி கிராமத்தில் சாதாரண அறை எடுத்து நாலு சஃபாரி போகிறவர்கள்தான் சிரித்த முகத்தோடு ரயில் ஏறுவார்கள். மத்தியான வெயிலில் நாலு மணி நேரம் தூங்கத்தானே அந்த அறை?

எந்த மாதம் நல்லது?

புலி மட்டும்தான் வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை. ஆனால் சந்திரபூர் வெயில் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு வாருங்கள். மே மாதத்தில் 46, 47 டிகிரி அங்கே சாதாரணம், வேலூர்க்காரர்களே வாயடைத்துப் போவார்கள். அந்த வெயிலில்தான் ஓடைகள் வற்றி, விலங்கெல்லாம் ஏரிக்கும் வனத்துறை சோலார் பம்பு வைத்து நிரப்புகிற குட்டைக்கும் வந்தாக வேண்டும். மாலை சஃபாரியில் அப்படி ஒரு குட்டையோரம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தால், புலி வந்து திரும்பி நின்று, பின்பக்கத்தை முதலில் தண்ணீருக்குள் இறக்கி, கழுத்து வரை அமிழ்ந்து உட்காருவதைப் பார்க்கலாம். முகத்தை வெளியே வைத்துக்கொண்டு கண்ணை மூடி அது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும். அரை மணி நேரம் அசையாது.

வெயில் தாங்காது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் பிப்ரவரி கடைசி, மார்ச். புரசு பூத்திருக்கும், இலையும் உதிர்ந்திருக்கும், எனக்குப் பிடித்த மாதம் இதுதான். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் அதிகம், குளிர் அதிகம், புலி குறைவு. புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டின் நடுப்பகுதியான கோர் மூடியிருக்கும். அதைச் சுற்றியுள்ள பஃபரில் மழையைப் பொறுத்துச் சில கேட்டுகள் திறந்திருக்கும். அப்புறம், செவ்வாய்க்கிழமை தடோபாவுக்கு விடுமுறை. இதைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோர், பஃபர் என்கிறார்களே, எது எடுக்கலாம்?

நடுவில் இருக்கிற சுமார் 625 சதுர கிலோமீட்டர் கோர், அதைச் சுற்றி 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பஃபர். கோரில் ஊர்கள் பெரும்பாலும் இடம் மாற்றப்பட்டுவிட்டன. பஃபரில் கிராமம், வயல், மாடு, கூடவே புலி எல்லாம் உண்டு. பஃபர் என்றால் இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். புலிக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எதுவும் தெரியாது, பஃபரில் குட்டிகளோடு திரியும் தாய்ப்புலிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. அகர்ஸரி, ஜுனோனா, அலிஸாஞ்ஜா, மத்னாபூர் இதெல்லாம் நல்ல பஃபர் கேட்டுகள்.

கோரில் மொஹர்லி, கொலாரா, நவேகாவ் மூன்றும் பிரபலம். சந்திரபூரில் இறங்குபவர்களுக்கு மொஹர்லி வசதி. நாக்பூருக்கு விமானத்தில் வருகிறவர்களுக்குக் கொலாரா கிட்டே. நாலு சஃபாரியில் இரண்டு கோர், இரண்டு பஃபர் என்று பிரித்தால் காசும் மிச்சம், காடும் இரண்டு மாதிரிப் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் தெற்கே ஒரு கேட், வடக்கே ஒரு கேட் என்று எடுத்துவிடாதீர்கள். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து காட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கும்.

புக்கிங் எப்படி? எவ்வளவு ஆகும்?

மகாராஷ்டிர வனத்துறையின் ஆன்லைன் தளத்தில் நீங்களே செய்யலாம். பொதுவாக முழு ஜிப்சியாகத்தான் (திறந்த சஃபாரி ஜீப்) எடுக்க வேண்டும், ஆறு பேர் உட்காரலாம், கூட டிரைவரும் கைடும். ஆறு பேர் சேர்ந்தால் தலைக்கு வருவது குறையும், இரண்டு பேர் மட்டும் போனாலும் அதே வண்டிக் காசுதான். வார நாளில் ஒரு கட்டணம், சனி ஞாயிறில் கூடுதல். தொகையை இங்கே எழுதினால் அடுத்த சீசனில் பழசாகிவிடும், தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைத் தேதிகள் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சஃபாரி, அது கிடைத்த பிறகு ரயில், கடைசியாக அறை. நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். புக் செய்யும்போது கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள், கேட்டில் பெயரையும் எண்ணையும் சரிபார்ப்பார்கள். கடைசி நேரத்தில் மச்சானுக்குப் பதில் மாமா வருகிறார் என்றால் நடக்காது.

உள்ளே போனதும் என்ன நடக்கும்?

இருட்டோடு கேட்டில் வரிசையில் நிற்பீர்கள். சுழற்சி முறையில் உங்களுக்கு ஒரு கைடு வந்து ஏறுவார், பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்து ஆள், பெண் கைடுகளும் உண்டு. இந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும். கேட் திறந்ததும் எல்லா ஜிப்சியும் ஒன்றாகக் கிளம்பும், முதல் பத்து நிமிடம் புழுதிதான். பிறகு ஆளுக்கொரு பாதையில் பிரிந்துவிடுவார்கள், அதற்கப்புறம்தான் காடு.

மொஹர்லி பக்கத்திலிருந்து தடோபா ஏரிக்குப் போகும் தார்ச்சாலையில் ஓரமாக வரிசையாகக் கல்தூண்கள் நிற்கும். கோண்டுப் பழங்குடி அரசர் காலத்தவை என்பார்கள். கயிறு கட்டி மணியடித்துச் செய்தி அனுப்பினார்கள் என்று ஒவ்வொரு கைடும் ஒவ்வொரு விதமாகக் கதை சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும். ஏரிக்கரையில் தாரு என்ற கோண்டு தெய்வத்தின் கோயில் ஒன்று இருக்கிறது, புலியோடு சண்டையிட்டு இறந்த ஊர்த்தலைவர் அவர் என்பது ஐதிகம். காட்டுக்கே அவர் பெயர்தான்.

புலி தேடுவது கண்ணால் மட்டும் இல்லை, காதால்தான் அதிகம். முதலில் மண்பாதையில் காலடித் தடம் பார்ப்பார்கள். ஜிப்சி டயர் தடத்துக்கு மேலே புலித்தடம் விழுந்திருந்தால் அது இன்றைக்கு வந்தது, டயர் அதை அழித்திருந்தால் நேற்று. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்காருவார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் "என்னங்க, வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்த அமைதியில்தான் "கால்" வரும், அதாவது மற்ற மிருகங்கள் எழுப்பும் எச்சரிக்கைக் குரல். புள்ளிமான் கீச்சென்று கத்தும், ஆனால் அதன் பேச்சை முழுசாக நம்ப முடியாது, சருகு அசைந்தாலும் கத்துகிற ஜாதி. வாலைத் தூக்கி, முன்காலைத் தரையில் தட்டிக்கொண்டு, மந்தையே ஒரே திசையைப் பார்த்து நின்றால்தான் விஷயம் இருக்கிறது. மரத்து உச்சியில் மந்தி இருமுகிற மாதிரி விட்டுவிட்டுக் கத்தினால் அது கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறது, ஆனால் சிறுத்தைக்கும் அதேபோல்தான் கத்தும். கடமான்தான் நம்பகமான சாட்சி. கனமாக, உலோகத்தைத் தட்டினதுபோல ஒரே ஒரு "டாங்க்". அதைக் கேட்டதும் டிரைவர் முதுகு நிமிர்வதைப் பாருங்கள், சாவியில் கை போய்விடும்.

கால் நின்றுவிட்டால் புலி படுத்துவிட்டது, அல்லது போய்விட்டது. கால் நகர்ந்துகொண்டே வந்தால் புலியும் நகர்கிறது, எந்த இடத்தில் பாதையைக் கடக்கும் என்று கணித்து முன்னாலேயே போய் நிற்பதில்தான் டிரைவரின் திறமை இருக்கிறது. புலி வருவதற்குப் பெரும்பாலும் சத்தமே இருக்காது. மூங்கில் புதர் ஓரத்தில் எதுவும் இல்லை, எதுவும் இல்லை, திடீரென்று அங்கே ஒரு முகம் இருக்கும்.

புலி வண்டிப் பக்கத்தில் வந்தால் ஆபத்தில்லையா? ஜிப்சி திறந்த வண்டியாச்சே?

புலி உங்களைத் தனித்தனி ஆளாகப் பார்ப்பதில்லை, வண்டியையும் சேர்த்து ஒரே பெரிய பொருளாகத்தான் எடுத்துக்கொள்கிறது என்பார்கள். சஃபாரி வண்டியில் உட்கார்ந்திருப்பவரைத் தாக்குவது மிக மிக அபூர்வம். எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள், கத்தாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். இறங்கினால் கணக்கு மாறிவிடும்.

உண்மையான ஆபத்து நமக்கில்லை, அங்கே வாழ்பவர்களுக்கு. சந்திரபூர் மாவட்டத்தில் இலுப்பைப்பூ பொறுக்கவும் பீடி இலை பறிக்கவும் கோடையில் காட்டுக்குள் போகிறவர்களைப் புலி அடிப்பது வருடா வருடம் நடக்கிறது. குனிந்து இலை பறிக்கும் ஆள் புலிக்கு மனிதனாகத் தெரிவதில்லை. 2021 நவம்பரில், புலிக் கணக்கெடுப்புக்காகத் தடம் தேடி நடந்து போன பெண் வனக்காவலர் ஒருவரே கோருக்குள் புலி தாக்கி இறந்தார். அதனால் கைடிடம் "மனுஷனை அடிச்ச புலி எது, காட்டுங்க" என்று உற்சாகமாகக் கேட்காதீர்கள். அவர் ஊரில், சில சமயம் அவர் வீட்டிலேயே, அப்படி யாராவது இருந்திருக்கலாம்.

டிரைவரிடம் இன்னும் கிட்டே போகச் சொல்லலாமா? கூடக் கொஞ்சம் காசு கொடுத்தால்?

கூடாது. 2024 டிசம்பர் 31 அன்று நாக்பூருக்குப் பக்கத்தில் உம்ரேட்–பௌனி–கர்ஹண்ட்லா சரணாலயத்தில் ஒரு தாய்ப்புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் சஃபாரி வண்டிகள் முன்னும் பின்னும் மறித்து நின்றன. வீடியோ பரவி, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாக வழக்கு எடுத்தது. டிரைவர்களும் கைடுகளும் இடைநீக்கம் ஆனார்கள், அபராதமும் விழுந்தது. வண்டிக்குள்ளிருந்து "போ போ" என்று விரட்டியவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், பிழைப்பு போனது யாருக்கு?

புலிக்கு வழி விட்டுத் தள்ளி நின்றால் அது தன்பாட்டுக்கு நடந்து வரும், ரொம்ப நேரம் பார்க்கலாம். மறித்தால் ஒரே எட்டில் புதருக்குள். இதில் தர்மம் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை, சுயலாபக் கணக்கே போதும்.

மாயா என்ற புலியைப் பார்க்கலாமா?

இப்போது முடியாது. பண்டர்பௌனி நீர்நிலைப் பக்கம் வருடக்கணக்கில் ராணி மாதிரி இருந்தவள் அவள், வண்டிகளைக் கண்டு கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாதவள், தடோபாவை வெளியுலகம் தெரிந்துகொண்டதில் அவளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு காணவில்லை. பின்னர் காட்டில் கிடைத்த எச்சங்கள் அவளுடையவை என்று டிஎன்ஏ சோதனையில் உறுதியானது. பழைய வீடியோவைப் போட்டு "மாயா சைட்டிங்" என்று இன்னமும் விளம்பரம் செய்கிறார்கள், ஏமாறாதீர்கள். பெயர் பார்த்துப் புலி தேடுவதே எனக்கு ஒப்பாது, நடிகரைப் பார்க்கப் போகிற மாதிரி ஆகிவிடுகிறது.

கருப்புப் புலி, வெள்ளைப் புலி அங்கே உண்டா?

இல்லை. காட்டில் வெள்ளைப் புலி 1950களுக்குப் பிறகு யாருக்கும் தென்படவில்லை, மிருகக்காட்சி சாலையில் இருப்பதெல்லாம் அடைத்து வளர்த்த வம்சம். கருப்புப் புலி இருப்பது ஒடிசாவின் சிமிலிபாலில். சின்ன, தனித்துப்போன கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் வந்த நிறம் அது. அங்கே புது ரத்தம் சேர்க்கத்தான் 2024இல் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்று இரண்டு பெண்புலிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஜீனத்துக்கு அந்த ஊர் பிடிக்கவில்லையோ என்னவோ, ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கம் வரை நடந்தே போய்விட்டது. டிசம்பர் கடைசியில் பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பச் சிமிலிபாலுக்கே கொண்டுபோனார்கள். தடோபாவில் கருப்பாக ஏதாவது பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அது கருஞ்சிறுத்தையாக இருக்கும், எப்போதாவது தென்படும்.

மொபைலில் படம் எடுக்கலாமா?

கோருக்குள் மொபைல் அனுமதி இல்லை, கேமரா உண்டு. நல்ல விதி, வாழ்க. 400 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் இருந்தால் போதும், புழுதிக்கு ஒரு துணி. கேமரா இல்லாதவர்கள் வாடகைக்கு எடுப்பதைவிட ஒரு பைனாகுலர் வாங்குங்கள்.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா? என்ன எடுத்துப் போகணும்?

வரலாம். முதுகுவலிக்காரர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள், பின்வரிசை உயரமாக இருக்கும், பார்வை நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். நாலு மணி நேரத்தில் கழிப்பறை நிறுத்தம் ஒன்றிரண்டு இடத்தில்தான், அதனால் காலையில் காபியை அளவாகக் குடிக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் போதாது, திறந்த வண்டியில் காற்று அறையும், குல்லாவும் போர்வையும் வேண்டும். கோடையில் ஒரு பருத்தித் துண்டை நனைத்துத் தலையில் சுற்றிக்கொள்ளுங்கள், தண்ணீரோடு ஓஆர்எஸ் வையுங்கள். சிவப்பு, மஞ்சள் பளபள சட்டை வேண்டாம், சென்ட் வேண்டாம், சிப்ஸ் பாக்கெட் உள்ளே பிரிக்க வேண்டாம்.

புலியே தெரியாவிட்டால்?

செந்நாய்க் கூட்டம் மானைத் துரத்துவதைப் பார்த்தவர்கள் புலியை மறந்தே போவார்கள், தடோபா அதற்குப் பேர்போன இடம். கரடி, காட்டெருமை, ஏரியில் முதலை, நாலு கொம்பு மான் எல்லாம் உண்டு. கைடிடம் ஏறியதுமே "புலி மட்டும் வேணாம், எல்லாத்தையும் காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். தோளிலிருந்து பாரம் இறங்கின மாதிரி அவர் பேச ஆரம்பிப்பார், பறவை பெயரெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

டிப்ஸ் கொடுக்கணுமா?

கொடுங்கள், புலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரே தொகை. தெரிந்த நாளில் ஆயிரமும் தெரியாத நாளில் ஐம்பதுமாகக் கொடுத்தால், மறுநாள் உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் டிரைவர் வண்டியைப் பறக்கவிடுவார்.

திரும்பும் ரயிலை எந்த நேரத்துக்குப் போடலாம்?

கடைசிக் காலை சஃபாரி முடிந்து கேட்டுக்கு வெளியே வரும்போது பத்து மணி ஆகிவிடும், குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட. குளித்து, சாப்பிட்டு, சந்திரபூர் வர மதியம். சாயங்காலத்துக்கு மேல் பல்ஹார்ஷாவில் ஏறுகிற மாதிரி போடுங்கள். நடுவில் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தால் சந்திரபூரின் கோண்டு கோட்டைச் சுவரையும் மகாகாளி கோயிலையும் பார்க்கலாம். நாக்பூர் வழியாகத் திரும்புகிறவர்கள் என்றால் வழியில் வரோராவில் சமூக சேவகர் பாபா ஆம்டே தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆனந்த்வன் இருக்கிறது, அங்கே நெய்த துண்டும் போர்வையும் விற்கிறார்கள், தரமான சரக்கு.